கண்ணாடிக்கு வந்த கிரகணம்

உப்புக் காற்றில் ஆர்மோனியம் நெடுநாள் தாங்காது. கட்டைகள் ஊறிக்கொள்ளும், துருத்தி விரிசல் விடும், ஒரு சுரத்தை அழுத்தினால் பக்கத்துச் சுரமும் கூடவே கத்தும். எங்கள் குழுவுக்கு இது மூன்றாவது பெட்டி. அதை நீங்கள் ஆடம்பரம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முதலிலேயே சொல்லி வைத்தேன்.

அறக்கட்டளையிலிருந்து உங்களை அனுப்பியிருக்கிறார்கள். வருகிற ஜனவரியில் மறுபடியும் சூரிய கிரகணம். அதற்கு முன்னால், நாடகம் போட்டு அறிவியல் சொல்லிக்கொடுக்கிற இந்த வேலைக்கு இன்னும் பணம் தரலாமா என்று பார்க்க வந்திருக்கிறீர்கள். "இத்தனை வருஷம் எப்படி சார் தாக்குப் பிடிச்சீங்க?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. முன்னால் வந்தவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என் பெயர் வேதாந்தம். திருக்கழுக்குன்றத்தில் பௌதிக வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். தொண்ணூற்றைந்தில் தீபாவளியை ஒட்டி ஒரு கிரகணம் வந்ததே, அப்போதுதான் குழுவை ஆரம்பித்தோம். அன்று இந்தக் கரையோரம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாங்கள் 'நிலாவின் குறும்பு' என்று ஒரு நாடகம் போட்டோம். அணுசக்தி நகரியத்தில் படவரைவாளராக இருந்த ஜெபகுமார்தான் சூரியன். மார்த்தாண்டத்துக்காரர், ஆறடி உயரம், வெண்கலக் குரல். இடுப்பில் மஞ்சள் பட்டு, தலையைச் சுற்றி வைக்கோலில் கதிர்கள். பொன்னி என்கிற சத்துணவு அமைப்பாளர் நிலா. சதுரங்கப்பட்டினத்துத் துரை மேளம். பாட்டும் வசனமும் ஆர்மோனியமும் நான்.

முதல் காட்சியிலேயே ஓர் ஆடு மேடை ஏறிச் சூரியனின் கதிர்களைத் தின்ன ஆரம்பித்தது. ஜெபகுமார் அசரவில்லை. "நிலா மறைச்சா ரெண்டு மணி நேரத்துல திரும்பி வந்துடுவேன், இது தின்னா திரும்பி வரமாட்டேன்" என்றார். மூடியிருந்த கதவுகளுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அப்புறம் கதவுகள் திறந்தன. பதினைந்து வருஷம் வகுப்பறையில் கரும்பலகையில் வட்டம் போட்டு நான் சாதிக்காததை ஓர் ஆடும் ஒரு பாட்டும் சாதித்தன. கலைக்கு மதிப்பு உண்டா என்று நீங்கள் கேட்பதற்கு என் பதில் அந்தக் கதவுகள் திறந்த சத்தம்தான்.

நான்கு வருஷம் நன்றாகப் போயிற்று. தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில் அடுத்த கிரகணம். அதற்கு இரண்டு மாதம் முன்னால் உங்கள் அறக்கட்டளையிலிருந்து சியாமளா வந்தார். சின்ன வயது, நேர்மையானவர், வெயிலுக்குக் குடைகூடப் பிடிக்கமாட்டார். சதுரங்கப்பட்டினத்தில் மீன் ஏலம் போடுகிற இடத்தில் பெண்களைக் கூட்டி, "கிரகணம்னா உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டார்.

துரையின் அத்தை கூடையை இறக்கி வைத்தாள். "இன்னா பயம்? நெலா குறுக்கால வருது, அவ்ளோதானே. இந்த வாத்தியாரு நாலு வருசமா ஆர்மோனியத்த அமுக்கிகினு அதையே சொல்லிகினு கீறாரு. இன்னும் நம்பலன்னா எங்கள இன்னான்னு நெனைப்பாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பும்போது ஜீப்பில் சியாமளா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பெரிய வெற்றி சார். இங்க வேலை முடிஞ்சது. இனிமே இந்த நிதியை வேற மாவட்டத்துக்குத் தரலாம். நோய் குணமானப்புறம் மருந்து எதுக்கு?"

இந்த வாக்கியத்தை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோயிலில் நாயனம் வாசிப்பவரிடம் போய், சாமி எழுந்துவிட்டார், இனி நீங்கள் போகலாம் என்று யாரும் சொல்வதில்லை. அறிவியலைச் சொல்கிற பாட்டு மட்டும் தனக்கு ஒரு நோய் இருப்பதை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். நோயைத் தீர்த்தால் வேலை போய்விடும். தீர்க்காவிட்டாலும் போய்விடும். நான் சியாமளாவைக் குறை சொல்லவில்லை. இந்த வேலைக்கு இன்னும் ஒரு தேவை இருக்கிறதா என்பதுதான் அவர் கேட்டது. "கிரகணத்தன்னிக்கு ஒரு தடவை வந்து பாருங்கம்மா. பயம் உள்ளேயே இருக்கும், நாள் நெருங்கினாத்தான் வெளியே வரும்" என்றேன். பௌதிகப்படி அது தவறில்லை. வருகிறேன் என்றார்.

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு நாடகத்துக்குப் புதிய கடைசிக் காட்சி ஒன்று எழுதினேன். ஒரு முகக் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, நடுவில் சின்ன ஓட்டை போட்டு வெயிலில் காட்டினால், தூரத்துச் சுவரில் சூரியனின் வட்டம் விழும். கிரகணத்தின்போது அது பிறைபோலத் தெரியும். கண்ணுக்கும் கெடுதல் இல்லை. சூரியனாக நடிப்பவர் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கண்ணாடி கேட்டு வாங்குவார், ஊரே தன் கண்ணாடியால் கோட்டைச் சுவரில் ஒரு பிறையை வரையும். அழகான காட்சி. இதற்கு என்ன பயம் இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன். மருந்தை முதலில் எழுதிவிட்டு நோயை அப்புறம் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வதந்தியை எழுதுவது நாடகம் எழுதுவதைவிடக் கஷ்டம். முதலில் உப்பை வைத்து யோசித்தேன். உப்பைக் கொட்டச் சொன்னால் ஏழைகளுக்கு நஷ்டம், வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றால் குழந்தைகள் தவிக்கும், அதுவும் வேண்டாம். யாருக்கும் செலவு இருக்கக் கூடாது, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகக் கூடாது. இந்த அக்கறையோடுதான் கடைசியில் இதற்கு வந்து சேர்ந்தேன்: கிரகணத்தன்று கண்ணாடியில் முகம் பார்த்தால் வீட்டுத் தலைப்பிள்ளைக்கு ஆகாது. ஒரு நாள் கண்ணாடி பார்க்காவிட்டால் யாருக்கு என்ன குறை?

கருங்குழியில் ஒரு சலூனுக்குப் போனேன். நான்கு பக்கமும் கண்ணாடி இருக்கிற இடம். முகத்தில் சோப்பு நுரையோடு, "ஏம்ப்பா, கிரகணத்தன்னிக்குக் கண்ணாடி பாக்கப்படாதுங்கறாளே, நெஜமா?" என்று கேட்டேன். கடைக்காரர் கத்தியை நிறுத்தினார். "யார் சொன்னா சாமி?" "அச்சரப்பாக்கத்துல பேசிக்கறா" என்றேன். மறுநாள் அச்சரப்பாக்கத்துக்கு பஸ் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் கருங்குழியில் அப்படிப் பேசிக்கொள்வதாகச் சொன்னேன். அதற்குள் அது உண்மையாகவும் ஆகியிருந்தது. நான் யாரிடமும் ஒரு பொய்கூடச் சொன்னதாக ஞாபகம் இல்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியிலேயே அது என் வீட்டுக்கு வந்துவிட்டது. என் மனைவி ருக்மிணி காபியை வைத்துவிட்டு, "ஏன்னா, கேட்டேளா? கிரகணத்தன்னிக்குக் கண்ணாடியே பாக்கப்படாதாம். எவர்சில்வர் பாத்திரத்துலகூட மொகம் தெரியப்படாதாம். நம்ம கிச்சாதானே தலைச்சன், நான் இப்பவே எல்லாத்தையும் பரண்ல போட்டுடப் போறேன்" என்றாள்.

எவர்சில்வர் நான் எழுதாதது. யாரோ எனக்குத் தெரியாத ஒருவர் சேர்த்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் சின்னப் பொறாமையாக இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லேடி, வெளிச்சம் பட்டுத் திரும்பறது, அவ்வளவுதான்" என்றேன்.

"உங்க சயன்ஸெல்லாம் உங்க நாடகத்தோட இருக்கட்டும். பெத்தவ நான்."

அவளிடம் அதற்கு மேல் நான் வாதாடவில்லை. வாதாடுவதற்கு நாடகம் இருக்கிறதே.

கிரகணத்துக்கு முதல் நாள் துரை ஓடிவந்தான். "இன்னா சார் இது பேஜாரா கீது! எங்க வூட்ல பீரோ கண்ணாடிக்குப் பொடவ சுத்தி வச்சிகீறாங்க. நகைக்கட இழுத்து மூடிட்டான். பைக்கு வச்சிகீறவனுங்க கண்ணாடிய எல்லாம் கழட்டிகினு கீறானுங்க. வேன்காரன் பேப்பர் ஒட்டிகீறான். யார் சார் இத்தக் கெளப்பி வுட்டது?"

"ஜனங்களோட அறியாமை துரை. நம்ம வேலை இன்னும் முடியலை" என்றேன். அவன் கண்ணில் மரியாதையைப் பார்த்தேன்.

வண்டிக் கண்ணாடிகளைப் பற்றி அப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டேன். அதன் பிறகு, முழுவதும் தெரியாதவன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

கிரகண நாளான புதன்கிழமை சாயங்காலம், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கு முன்னால் இருக்கிற தெருவில் நாடகம். சியாமளா வந்து என் பக்கத்தில் நின்றார். தெருவே வெறிச்சோடியிருந்தது. ஜன்னல் இடுக்கில் கண்கள் மட்டும். "நம்பவே முடியலை சார். ரெண்டு மாசத்துக்கு முன்னால இங்கேதான் அப்படிச் சிரிச்சாங்க" என்றார். "உள்ளே இருந்தது வெளியே வந்திருக்கும்மா" என்றேன்.

ஜெபகுமார் அன்று அற்புதமாக இருந்தார். முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொள்ளக் கண்ணாடி வேண்டுமென்று துரையின் அத்தை வீட்டு முன்கூடத்துப் பீரோவில் சுற்றியிருந்த புடவையை அவரே அவிழ்த்துவிட்டு, எல்லோரும் பார்க்க அதில் முகம் பார்த்துப் பூசிக்கொண்டார். பிறகு நடுத்தெருவில் நின்று, "வெளியே வாங்க! உங்க கண்ணாடியக் குடுங்க, நான் என் முகத்தைப் பாக்கணும்!" என்று பாடினார். முதலில் ஒரு சிறுமி வந்தாள். பிறகு இரண்டு பெண்கள். கோட்டைச் சுவரில் மெலிசாக ஒரு பிறை விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. கதவுகள் திறக்கிற அந்தச் சத்தத்தை மறுபடியும் கேட்டேன். அவர் இன்னும் ஆட்களைக் கூப்பிட்டபடியே, சுவரைப் பார்த்துக்கொண்டு, பின்னால் பின்னால் நகர்ந்தார்.

சந்திலிருந்து மீன் ஏற்றுகிற வேன் பின்பக்கமாக வந்தது. இரண்டு கண்ணாடியிலும் தினசரிப் பத்திரிகை ஒட்டியிருந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவரது வலது காலுக்கு இரண்டு தடவை அறுவைசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவர் நின்றுகொண்டு நடிக்கவில்லை. வேன்காரர் பாவம், அழுதுகொண்டே இருந்தார். அவருக்கும் தலைப்பிள்ளை உண்டு. சியாமளா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே என்னிடம் சொல்லிவிட்டார்: "நான் நினைச்சது தப்பு சார். இந்தக் குழு இங்க கண்டிப்பா இருக்கணும். மாவட்டம் முழுக்கப் போகணும்." ஐந்து வருஷத்துக்கு நிதி வந்தது. பிறகு இன்னொரு ஐந்து.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சூரியனாக நடித்தவர் பீரோக் கண்ணாடியில் முகம் பார்த்தார், அதனால்தான் அவருக்கு அப்படி ஆயிற்று என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஜெபகுமாரும் அவர் வீட்டில் தலைப்பிள்ளைதான், அதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே பயம் முன்னிலும் கெட்டியாயிற்று. சுனாமிக்குப் பிறகு இந்தத் தெருவில் பாதி வீடுகள் மாறிவிட்டன, ஆனால் கிரகணத்தன்று கண்ணாடியை மூடுகிற வழக்கம் மட்டும் மாறவில்லை. பத்து வருஷமாக நாங்கள் அதை எதிர்த்துப் பாடிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பத்து வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள்? ஒருத்தி பெங்களூரில் வானியல் படிக்கிறாள். அன்று முதலில் வெளியே வந்த அதே சிறுமி. இதையெல்லாம் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜெபகுமார் இப்போதும் ஒவ்வொரு ஒத்திகைக்கும் வருகிறார். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிறார். "வேதாந்தம் சார் இல்லேன்னா இது எப்பவோ நின்னு போயிருக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். உங்களிடமும் சொல்லியிருப்பாரே. அவர் சொல்வது சரிதான்.

துரை மட்டும் ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரி வாசலில், மேளத்தைக் கழற்றாமலே என்னிடம் கேட்டான். "சார், நீங்க அந்தாண்டதான நின்னுகினு இருந்தீங்க? வேன் ரிவர்ஸு வர்றது எனக்குத் தெரில, நான் வாசிச்சிகினு இருந்தேன். உங்களுக்குமா தெரில?"

"ஆர்மோனியத்தைப் பாத்துண்டிருந்தேன்" என்றேன். பிறகு அவன் கேட்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கு முழுப் பதில் தருவதென்றால் இதையும் சொல்ல வேண்டும். வேன் சந்திலிருந்து திரும்பியபோதே நான் அதைப் பார்த்துவிட்டேன். அது அவரை எட்டுவதற்குள் பாட்டில் இரண்டு அடி பாடுகிற நேரம் இருந்தது, அதற்குள் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் சியாமளா அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவர் சுவரில் விழுந்த பிறையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டன. இவ்வளவு சீக்கிரம் குணமாகிவிட்டதே என்று மறுபடியும் அவர் என் கையைக் குலுக்கிவிடுவாரோ என்று எனக்குப் பட்டது. அதனால் துருத்தியை நிறுத்தாமல் அடுத்த அடிக்குப் போனேன்.

கால் போகும் என்று நான் சத்தியமாக எண்ணவில்லை. நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் அல்ல. சியாமளா பார்க்கிற மாதிரி ஒரு சின்னச் சிராய்ப்பு ஆனால் போதும் என்றுதான் இருந்தேன்.