ஏரிக்கரை கேட்டைச் சாத்தியது நான்

என் பெயர் கிருபா. வயது ஐம்பத்தேழு. கணவர் அசரியா, பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பெருங்களத்தூரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். நான் இல்லத்தரசி. பத்தாவதோடு பள்ளி நின்றது. மீதியை வேதாகமத்தையும் செய்தித்தாளையும் வைத்து நானாகப் படித்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக் கணக்கு எழுதுவது நான்தான். கூட்டியோ குறைத்தோ சொல்லி எனக்குப் பழக்கமில்லை. யாரும் என்னை அழைக்கவில்லை. நானாகவே நிலையத்துக்கு வந்து, பெண் காவலர் உடனிருக்க, உதவி ஆய்வாளரிடம் சொல்வது:

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை, ஏரிக்கரைப் பாதையில் புதிய மனைப்பிரிவின் இரும்பு கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது நான். அங்கே காவலாளியாக இருக்கும் குப்பன் அல்ல. இதை முதலில் எழுதிவிட்டு மற்றதைக் கேளுங்கள் என்றேன். எழுதினார்கள்.

எதற்காகச் சாத்தினீர்கள் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அதற்கு நான் இங்கிலாந்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றேன். "இங்கிலாந்தெல்லாம் எழுத முடியாதும்மா. பெருங்களத்தூர்ல இருந்து ஆரம்பிங்க" என்றார். இங்கிலாந்தை விட்டுவிட்டால் நான் சாத்தியதற்குக் காரணம் இல்லாமல் போய்விடும், காரணம் இல்லாவிட்டால் குப்பன்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்ல வந்தவள் என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள் என்றேன். அதையும் எழுதச் சொன்னார்.

எங்கள் மகள் ஆஷா இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் செவிலியராக இருக்கிறாள். மருமகன் ஜெர்சன் அங்கேயே வேலை செய்கிறார். அவர்களோடு ஆறு மாதம் தங்கியிருந்துவிட்டுச் சென்ற மாதம்தான் திரும்பினேன். அங்கே சனிக்கிழமைதோறும் மூவரும் சைக்கிளில் நகரத்தைவிட்டு வெளியே போவோம். நான் சிறு வயதில் ஓட்டியதுதான், என்றாலும் இரண்டாவது வாரமே கால் பழகிவிட்டது. அங்கே கிராமத்துக்குக் கிராமம் குறுகலான தார்ச்சாலை போகிறது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குமேல் வேலி வளர்ந்திருப்பதால் சாலை எங்கே திரும்புகிறது என்று தெரியாது. ஆனால் ஒரு ஊரின் தேவாலயக் கோபுரம் கண்ணைவிட்டு மறைவதற்குள் அடுத்த ஊரின் கோபுரம் தெரிந்துவிடும். வரைபடம் பார்க்காமல் கோபுரத்தைப் பார்த்தே ஓட்டினேன். கோவில்கள் பூட்டாமல் இருக்கும், உள்ளே ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்குக் கிளம்புவேன். "அம்மா, இப்படிப் போனா டின்னருக்குத்தான் வீடு சேருவோம்" என்று ஆஷா சொல்லுவாள்.

அந்தச் சாலைகளில் சிலவற்றின் குறுக்கே கேட் உண்டு. சாலை ஊருக்குப் பொது, இரண்டு பக்க நிலமும் ஆடு மாடு மேய்ப்பவருடையது. யாரும் போகலாம், ஆனால் இறங்கித் திறந்து, கடந்து, மறக்காமல் சாத்திவிட்டுப் போக வேண்டும். பலகையிலும் எழுதியிருக்கிறார்கள். எங்களில் கடைசியாக வருவது நான் என்பதால் சாத்தும் வேலை எனக்கு வந்தது. "அத்தை, கேட் சாத்தியாச்சா?" என்று ஜெர்சன் முன்னாலிருந்து குரல் கொடுப்பார். "சாத்தியாச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் மிதிப்பார். ஊருக்குத் திரும்பும்போது இந்தப் பழக்கமும் என் கையோடு வந்துவிட்டது.

அதன் பிறகு இங்கே வந்து, சும்மா உட்கார மனமில்லாமல், ஒரு சைக்கிள் வாங்கி, எதிர் வீட்டு தீபாவையும் சேர்த்துக்கொண்டேன். தீபா கணினி நிறுவன வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர். ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையைத் தொடாமல் ஒரு வழி வேண்டும் என்று நானே விசாரித்துத் திட்டம் போட்டேன். எங்கள் தெருவிலிருந்து புதிய மனைப்பிரிவு வழியாக ஏரிக்கரை ஏறி, தண்ணீர்த் தொட்டியையும் அம்மன் கோவில் கோபுரத்தையும் அடையாளம் வைத்து, முடிச்சூர் பக்கமாகச் சுற்றித் திரும்புவது அந்த வழி. "ஆன்ட்டி, இது இங்கிலாந்து இல்ல, நாய் துரத்தும்" என்றார் தீபா. துரத்தினால் இன்னும் வேகமாக ஓட்டலாம் என்றேன்.

செவ்வாய்க்கிழமைதான் அந்த வழியில் முதல் தடவை போனது. வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பினோம். மனைப்பிரிவு முடிந்து ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் கேட் விரியத் திறந்திருந்தது. ஒரு கதவுக்கு மட்டும் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. காவலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. தண்ணீர் மோட்டார் போடப் போயிருந்தார் என்று பிறகு தெரிந்தது. தீபா நிற்காமல் கரைமேல் ஏறிவிட்டார். நான் கடந்த பிறகு ஏரிக்குள் எருமைகள் மேய்வதைப் பார்த்தேன். யாரோ மறதியாகத் திறந்து போட்டிருக்கிறார்கள், இவை வீடுகள் இருக்கும் பக்கம் போய்விடும் என்று நினைத்தேன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, செங்கல்லைக் காலால் தள்ளி, இரண்டு கதவையும் இழுத்துச் சேர்த்து, தாழ்ப்பாள் போட்டேன். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்ததால் இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. "ஆன்ட்டி, செயின் கழண்டுச்சா?" என்று தீபா தூரத்திலிருந்து கேட்டார். "இல்ல, நீ போ, வந்துட்டேன்" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆகையால் நான் சாத்தியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. நல்ல காரியம் செய்தோம் என்ற நினைப்போடுதான் மிதித்தேன்.

அன்று இருட்டும் நேரத்தில் முடிச்சூர் சாலையில் ஒரு எருமைமேல் வேன் மோதி எருமை செத்துவிட்டது, வேன் ஓட்டி வந்தவருக்குக் கை முறிந்தது என்று மறுநாள் கேள்விப்பட்டேன். அதற்கும் எனக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை தீபா தன் கைப்பேசியில் மனைப்பிரிவுச் சங்கத்தின் செய்தியைக் காட்டினார். காவலாளி கேட்டை மூடிவிட்டதால் எருமைகள் திரும்பிச் சுற்றி முடிச்சூர் சாலைக்குப் போய்விட்டன, அவரைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள், அவரும் ஒத்துக்கொண்டார் என்று அதில் இருந்தது.

அதன் பிறகு நான் நேராகச் சங்கச் செயலாளர் ராஜகோபாலன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லி, காபி கொடுத்தார். "அவரே ஒத்துக்கிட்டாரு மேடம். வயசானவரு, மறதி. வேற ஆள் போட்டாச்சு. நீங்க எதுக்கு நடுவுல?" என்றார். ஒத்துக்கொள்ளச் சொன்னது யார் என்று கேட்டேன். "நீதான்யா மூடியிருப்ப, வேற யாரு மூடுவான்னு கேட்டோம். ஆமான்னாரு" என்றார். காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அதன் பிறகு எருமைக்கு உடைமைக்காரரான பச்சையம்மாவைப் பார்க்கப் போனேன். புகார் கொடுத்தவர் அவர்தான். கேட் முன்னால் சாணி கிடப்பது பற்றி அவருக்கும் குப்பனுக்கும் முன்பே வாய்த்தகராறு இருந்ததால், குப்பன் வேண்டுமென்றே மூடினார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தொழுவத்தில் ஒரு கயிறு மட்டும் மாடில்லாமல் கட்டியிருந்தது. நான் சாத்தினேன் என்று சொன்னதும் அவர் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார்.

"இன்னாத்துக்கும்மா மூட்ன?"

மாடு வெளியே போய்விடும் என்று நினைத்தேன் என்றேன்.

"எர்மைக்கு எதுக்கும்மா கேட்டு? பொழுது சாஞ்சா அதுவே வூட்டுக்கு வந்துடும். அதுக்குத்தான தொறந்து வெச்சிகீது. கேட்டு போட்ட அன்னிக்கே எங்க ஊட்டுக்காரு போயி சண்ட போட்டு, மூடக்கூடாதுன்னு சொல்லிட்டு வந்தாரு. ஊருக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. இங்கே திறந்திருக்கும் கேட் மாடு வீடு திரும்புவதற்கு என்பதை யாரிடமும் கேட்காமல், கேட் என்றால் சாத்த வேண்டும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அவ்வளவுதான் என் தவறு, அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. அது சினை எருமை என்பதைப் பச்சையம்மா அதன் பிறகுதான் சொன்னார். புகாரில் என் பெயரைப் போடச் சொல்லுங்கள் என்றேன். "நீ வேணும்னு பண்ணலியே" என்றார். குப்பனும் வேண்டுமென்று செய்யவில்லை, செய்யவே இல்லை என்றேன். "அப்ப போயி அங்க சொல்லு. நானும் வர்றேன்" என்றார். இப்போது வெளியே வராந்தாவில் இருக்கிறார்.

இதுவரை எழுதியதை உதவி ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். இங்கிலாந்துப் பகுதியைச் சுருக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கையெழுத்துப் போடும் முன் குப்பனை அழைத்து அவர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அழைத்தார்கள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். வாசித்து முடித்ததும் அவர் என்னைத் திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் உதவி ஆய்வாளரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும், அப்படியே சேர்த்து எழுதும்படி சொல்கிறேன்.

"அப்ப நான் மூடலியாம்மா?"

"இல்லண்ணா. நான்தான்."

"மூடிட்டு மறந்துட்டேனோன்னு நெனச்சிகினு இருந்தேன். எல்லாரும் சொல்லசொல்ல எனக்கே கை தாப்பா போட்ட மாரியே இருந்துச்சி. மூள கெட்டுப்போச்சி, இனிமே ஒரு வேலைக்கும் ஆவமாட்டேன்னு பொண்டாட்டி கைல சொல்லி வூட்டுக்கு அனுப்பிட்டேன்."

"உங்களுக்கு மறதி இல்லண்ணா. நீங்க மூடவே இல்ல."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது, வாசிக்கக் கேட்டேன், கர்த்தருக்கு முன்பாக அத்தனையும் உண்மை. இதில் ஒரு வார்த்தையையும் மாற்றிக்கொள்ளச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம்.

(ஒப்பம்)
கிருபா அசரியா