எங்கும் போகாத நீலக் கோடு

தலைவி: மறுபடியும் இதே ஜன்னலுக்கு வந்துட்டோம்.

கோடு: இது வேற ஜன்னல் தலைவி.

தலைவி: அதே நாற்காலி. அதுமேல என் கைப்பை.

கோடு: ...அப்ப அதே ஜன்னல்தான்.

தலைவி: சிரிக்காதீங்க. இந்த ஆஸ்பத்திரியில யாரும் வழி தப்பக் கூடாதுன்னு சுவர்ல அம்புக்குறி போட்டவங்க, தரையில கோடு ஒட்டின நீங்க, எல்லாம் நம்ம குழுதான். நாமளே இப்படிச் சுத்திக்கிட்டிருக்கோம். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்.

கோடு: யாருக்குத் தெரியப் போகுது? திறக்கவே இன்னும் நாள் இருக்கு. கட்டிலெல்லாம் பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கிட்டு தூங்குது. வெயில் மட்டும் உள்ள வந்து படுத்திருக்கு.

தலைவி: வெயிலை விடுங்க. நீலக் கோடு எங்க போகணும்?

கோடு: வாசல்லேர்ந்து ரத்தப் பரிசோதனை அறைக்கு.

தலைவி: எங்க போகுது?

கோடு: வாசல்லேர்ந்து வருது... இந்த ஜன்னலைத் தொடுது... நடுவுல இருக்கற தோட்டத்தை ஒரு சுத்து சுத்துது... திரும்ப இங்கயே வந்துடுது.

தலைவி: எவ்வளவு நிதானமா சொல்றீங்க. சாயங்காலம் நான் இந்த வேலையை முடிச்சு ஒப்படைச்சாகணும். தலைமை அலுவலகத்துக்குப் போறேனா இல்லையான்னும் இன்னிக்கே பதில் சொல்லணும்.

கோடு: போறீங்கதானே? அம்பு அண்ணன் சொன்னார். உங்களுக்குப் பெரிய பதவி, பெரிய ஊர், கண்ணாடிக் கட்டடம்னு.

தலைவி: அம்பு அண்ணனுக்கு அம்பு போடறதை விட வதந்தி போடறது நல்லா வரும்.

கோடு: அப்ப போகலையா?

தலைவி: நடங்க. இன்னொரு தடவை மெதுவா பாத்துட்டு வரலாம்.

கோடு: ...தரையைப் பாத்துக்கிட்டே நடந்தா, தண்ணிக்குள்ள நடக்கற மாதிரி இருக்கு, இல்ல?

தலைவி: கோடு.

கோடு: சரி சரி. வேலை.

தலைவி: நாம ஆரம்பிச்சப்ப எப்படி இருந்தோம்னு ஞாபகம் இருக்கா?

கோடு: மறக்குமா? சுவர்க்காரங்க தனி, தரைக்காரங்க தனி. சுவர்ல பச்சை அம்பு வலப்பக்கம் காட்டும், தரையில என் பச்சைக் கோடு இடப்பக்கம் போகும். கேட்டா, "உங்க கோட்டைத் திருப்புங்க"ன்னு அண்ணன். "உங்க அம்பை ஒடிங்க"ன்னு நான்.

தலைவி: அதுக்குத்தானே தினமும் காலையில எல்லாரையும் நிக்க வெச்சு மீட்டிங் போட்டேன்.

கோடு: அண்ணன் சுவர்ல சாஞ்சு நின்னுக்கிட்டே தூங்கினார். குறட்டை வேற.

தலைவி: அதை ஏன் இப்ப... அப்புறம் நான் ஒரு வழி பண்ணேனா இல்லையா?

கோடு: பண்ணீங்க. ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் நோயாளி மாதிரி நடந்து பாக்கணும். பாத்தவங்கதான் பலகையில டிக் போடணும். அதுவரைக்கும் அந்த வேலை முடியாத வேலை.

தலைவி: அறைப் பேரெல்லாம் எழுதின பொண்ணு மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு நடந்தா.

கோடு: தூண்ல மோதிக்கிட்டா. மறுநாளே எழுத்தெல்லாம் பெருசாச்சு. அண்ணன் ஊன்றுகோலோட என் பச்சைக் கோட்டுல நடந்துட்டு, பாதியில உக்காந்து, "தம்பி, நடுவுல ஒரு நாற்காலி போடச் சொல்லு, கால் கடுக்குது"ன்னாரு. அன்னிக்குத்தான் முதல் தடவையா என்னைத் தம்பின்னார்.

தலைவி: அன்னிக்குத்தான் எனக்கு நிம்மதியா தூக்கம் வந்தது.

கோடு: எங்கம்மாகூட கேப்பாங்க, "இன்னிக்கு அந்தப் பொண்ணு திட்டினாளா?"ன்னு. இல்லைன்னா, "ஏன், உடம்பு சரியில்லையா அவளுக்கு?"ன்னு கவலைப்படுவாங்க.

தலைவி: வீட்டுல என்னைப் பத்திப் பேசுவீங்களா?

கோடு: ...வேலையைப் பத்தி.

தலைவி: ம்.

கோடு: ஒண்ணு கேக்கலாமா? எல்லாத்தையும் யாராவது ஒருத்தர் நடந்து பாத்தாங்க. அப்ப நீலக் கோட்டை நடந்து பாத்தது யாரு?

தலைவி: ...ஜன்னல் வந்துடுச்சு.

கோடு: பலகையில இருந்தது உங்க டிக்.

தலைவி: கடைசி வாரம் எவ்வளவு நெருக்கடின்னு உங்களுக்குத் தெரியாதா?

கோடு: நடக்காமலே போட்டுட்டீங்களா? நீங்களா?

தலைவி: என் பேர்ல தப்புன்னே எழுதிடறேன். குழுவை நடத்தத் தெரியாதவள்னு சொல்வாங்க. சொல்லட்டும்.

கோடு: வேண்டாம். அப்படி எழுதாதீங்க.

தலைவி: வேற யார் பேர்ல எழுதறது?

கோடு: என் பேர்ல. இது தப்பே இல்லை தலைவி. வேணும்னுதான் ஒட்டினேன்.

தலைவி: எப்ப?

கோடு: தலைமை அலுவலகத்துல கூப்பிடறாங்கன்னு நீங்க சொன்ன அன்னிக்கு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். அப்புறம் டேப்பை எடுத்துக்கிட்டு இங்க வந்தேன்... மத்த கோடெல்லாம் ஏதோ ஒரு அறைக்குப் போய் முடிஞ்சுடுது. இது ஒண்ணாவது எங்கயும் போகாம இருக்கட்டுமேன்னு தோணிச்சு.

தலைவி: திறந்தப்புறம் ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஒரு நோயாளி இங்க சுத்தியிருந்தா?

கோடு: அதுவரைக்கும் போகாதுன்னு தெரியும். நீங்க நடந்து பாப்பீங்க, கண்டுபிடிப்பீங்க, கண்டபடி திட்டுவீங்க. பிரிச்சு ஒட்ட இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அந்தக் கொஞ்ச நாள்தான் வேணும்னு இருந்தது.

தலைவி: ஆனா நான் டிக் போட்டுட்டேன்.

கோடு: அதைப் பாத்ததும்... சரி, அவங்களுக்குக் கிளம்பற அவசரம், என் கோட்டை நடந்து பாக்கக்கூட நேரமில்லைன்னு நினைச்சுக்கிட்டேன். காலையில நானே வந்து பிரிக்கத்தான் இருந்தேன். அதுக்குள்ள "வாங்க, ஒரு தடவை பாத்துடலாம்"னு நீங்க கூப்பிட்டுட்டீங்க.

தலைவி: டேப் கையில இருக்கா?

கோடு: இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுவேன். உங்க பேருக்கு ஒண்ணும் வராது. நீங்க அவங்களுக்குப் பதில் சொல்லுங்க, போங்க.

தலைவி: ரெண்டு பேரா சேர்ந்து ஒட்டினா சீக்கிரம் முடியும். ஒரு முனையைக் குடுங்க.

கோடு: வேண்டாம், கையெல்லாம் பசையாகிடும்... தலைவி, உண்மையைச் சொல்லுங்க. நிஜமாவே நடந்து பாக்கலையா?

தலைவி: டிக் போடறதுக்கு முன்னாடியே நடந்தேன். சுத்தி வந்து இதே ஜன்னல்ல நின்னேன், உங்க கை இப்படித் தப்பாதுன்னு எனக்குத் தெரியும், அதனால இன்னொரு சுத்து வந்தேன். தப்புன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே சரி பண்ணிட்டு, காரணத்தை உங்களோடயே வெச்சுக்கிட்டிருப்பீங்க. அதான் டிக் போட்டேன். காலையிலேர்ந்து வழி தெரியாதவ மாதிரி உங்களைச் சுத்த வெச்சேனே, அந்தக் காரணத்தை நீங்களே சொல்லணும்னுதான். சொல்லிட்டீங்க. நான் வரலைன்னு தலைமை அலுவலகத்துக்கு எழுதிடறேன். கோட்டை நேரா பிடிங்க.