மீட்டரை மூடிய டேப்

ஆமாம், டேப் ஒட்டியது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

என் பெயர் மணிமொழி, வயது 26, தகப்பனார் பெயர் கந்தசாமி, நைனார்பாளையத்தில் வசிக்கிறேன். தீனதயாளன் என்பவரின் மருத்துவக் கருவி நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கான ஆக்சிஜன் இயந்திரம் எங்கள் தயாரிப்பு. கழற்றி மாற்றும் பேட்டரி பேக்கில் ஓடும். கல்வராயன் மலையில் ஆறு வீடுகளில் இருக்கிறது.

மீதிச் சார்ஜைக் காட்டும் மீட்டரை எங்கே வைப்பது என்று பேசியபோது, ஒவ்வொரு பேக்கிலும் வைக்கலாம் என்றேன். "பேக்குக்குப் பேக்கு எதுக்கும்மா? மெஷின்ல ஒண்ணு போதும்" என்றார் முதலாளி. அப்படியே வரைந்து கொடுத்தேன். அதனால் எந்தப் பேக்கை மாட்டினாலும் அது முழு சார்ஜில் இருப்பதாக இயந்திரம் எடுத்துக்கொண்டு, நூறிலிருந்து இறங்கும். எச்சரிக்கை ஒலியும் அந்த எண்ணை நம்பித்தான்.

மலையில் அடிக்கடி மின்சாரம் நிற்கும். ஒரு வீட்டில் பேக் தீர்ந்தால், வேறு வீட்டில் அன்றைக்குச் சற்று நன்றாக மூச்சு விடுகிறவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தனுப்புவார். அது பாதி தீர்ந்த பேக்காக இருக்கும். இதை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை.

சென்ற வாரம் வெள்ளிமலையில் சடையன் என்பவருக்கு அப்படி வந்த பேக்கை மாட்டி, சற்று நேரத்தில் இயந்திரம் நின்றது. ஜீப்பில் கள்ளக்குறிச்சிக்கு இறக்கினார்கள். உயிர் இருக்கிறது. அவர் மனைவி வெள்ளச்சி என்னிடம், "எழுவதுன்னு காட்டிக்கினே இருந்துச்சும்மா. அதான் அடுப்பாண்ட போனேன்" என்றார்.

அதன் பிறகு, இயந்திரங்களைத் திரும்பப் பெறச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். "அவங்க மாத்தி மாத்திக் குடுத்துக்கினா நாம இன்னா பண்றது?" என்றார். அதனால் நேற்று நானே மலைக்குப் போய், வீடு வீடாக மீட்டரின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, எந்தப் பேக்கையும் முழுசு என்று நம்பாதீர்கள், ஆளை விட்டு நகராதீர்கள் என்றேன். பேக்கைக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. "இன்னாம்மா, நீயே செஞ்சுட்டு நீயே கண்ணக் கட்டுற" என்று ஒரு வீட்டில் சிரித்தார்கள்.

ஐந்து வீடு முடிந்தது. ஆறாவது சாலம்மாள் வீடு. வெள்ளிமலைக்கு அப்பால், போன் எடுக்காத இடம். இன்று காலை அங்கே போக ஜீப்புக்கு நின்றபோது, முதலாளியின் புகாரின் பேரில் போலீசார் என்னை இந்த நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். சாலம்மாள் வீட்டு மீட்டர் இப்போதும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

பொருளைச் சேதப்படுத்தும் எண்ணம் எனக்கில்லை. மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) க. மணிமொழி

குறிப்பு: மேற்படி மணிமொழி, கைப்பற்றப்பட்ட டேப் சுருளைத் திரும்பக் கேட்டார். மறுக்கப்பட்டது. விசாரணைக்கு அழைக்கும்போது வர வேண்டும் என்று எச்சரித்து அனுப்பப்பட்டார். எதிர்க் கடையில் புதிய டேப் ஒன்று வாங்கி, வெள்ளிமலை பேருந்தில் ஏறினார்.