தக்காளி நாற்றும் புது ஷீட்டும்

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் காலை போட்டில் அன்று என் பெஞ்சில் நான்கு பேர்: நான், தூங்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர், மடியில் நாற்றுக்கூடையோடு ஒரு அண்ணி, அவளுடைய கொழுந்தன். உறவு அவர்கள் பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

“நீங்க வாங்கித் தந்த பிளாஸ்டிக் ஷீட்டு என் தக்காளி நாத்தைக் கொல்லப் பாத்துச்சு, கொழுந்தனாரே!”

“மழைக்கு மூடத்தானே கேட்டீங்க அண்ணி? பிளாஸ்டிக் என்ன, கடிக்குமா?”

“இலையெல்லாம் வெளுத்துப்போச்சு. குளிருதாக்கும்னு நான் இன்னும் இறுக்கி மூடினேன். பக்கத்து வீட்டுச் சேச்சி வெறும் ஓலைதான் போட்டாங்க, அவங்க நாத்து பச்சைப்பசேல்னு நிக்குது. விக்க ஒண்ணும் தேறாதுன்னு அழுதுட்டேன். அப்புறம் பயிர் பாக்குற கிருஷி ஆபீஸ் சார் வந்து ஷீட்டை மோந்து பாத்தாரு. ஷீட்டு மெத்துனு இருக்க அதுல கலக்குற எண்ணெய், வெக்கையில ஆவியாகி இலையில ஏறுதாம். உடனே எடுன்னாரு.”

“எடுத்தீங்களா?”

“எடுத்தேன். பத்தே நாள், பாருங்க!”

கூடையைத் திறந்தாள். வெளுத்த இலைகளுக்கு நடுவே ஒவ்வொரு நாற்றிலும் பச்சைக் குருத்து. எங்கள் வீட்டுப் புதுப் பிளாஸ்டிக் குடத்திலும் ஏதோ வாசம் வருகிறதே என்று நினைத்துக்கொண்டேன். அவர்களோ சிரித்துச் சிரித்துப் போலீஸ்காரரை எழுப்பிவிட்டார்கள்.

“கலூர்ச் சந்தையில ஒண்ணு விடாம வித்துட்டுத்தான் திரும்புவேன்.”

“வித்ததும் அந்த ஷீட்டுக் கடைக்காரனை நினைச்சுக்குங்க அண்ணி. அவனுக்கு இன்னும் பதினோரு ரூபா பாக்கி.”