ஆளில்லா வீட்டில் ஆள் வைத்தவள்

கண்மாய்க்கரைப் பனையெல்லாம் வடலியாக நின்ற காலம் அது. நொச்சியேந்தல் என்று ஓர் ஊர். அந்த ஊரில் உலகம்மா என்று ஒருத்தி இருந்தாளாம். எங்கள் கொப்பாட்டனுக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் வந்தவள் என்பார்கள். வாழவிடாதவனை யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. அந்த வழக்கை இங்கே எடுத்தால் கதை நகராது. தம்பி வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் அவளுக்கு ஓர் இடம். வீடு வீடாகப் போய் நெல் குத்துவாள். கை குத்திக்கொண்டிருக்கும், காது அந்த வீட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

சித்திரை பிறந்தால் ஊரே கண்மாய்க்குள் இறங்கி வண்டல் வெட்டும். வெட்ட வருகிற தலைக்கணக்குக்குத்தான் வீட்டுக்குத் தண்ணீர்ப் பங்கு என்பது ஊர்க்கட்டு. அதனால் கிழவன், கிழவி, கைப்பிள்ளைக்காரி எல்லாரும் போய்விடுவார்கள். உச்சிப்பொழுதில் ஊருக்குள் வெயில் மட்டும்தான் குடியிருக்குமாம்.

ஒரு வருடம் அந்த வெயிலோடு களவாணிகளும் வந்தார்கள். இருளாயி வீட்டு மண்குதிரின் அடிவாயைத் திறந்து, விதைநெல்லை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற நெல்லையெல்லாம் ஊர் தின்று தீர்த்தாயிற்று. வீடுகளில் இருப்பது விதை மட்டும். அதுவும் போனால் மழை பெய்து என்ன, கண்மாய் நிறைந்து என்ன?

ஊர் கூடியது. ஓர் ஆண்பிள்ளை காவலுக்கு இருக்கட்டும் என்றார் ஊர்த்தலைவரான அம்பலகாரர். யார் இருப்பது? இருந்தால் தண்ணீர்ப் பங்கு போகுமே. ஒவ்வொருவனும் அடுத்தவனைக் காட்டினானாம். கடைசியில் எல்லாரும் நிலமே இல்லாத உலகம்மாவைக் காட்டினார்கள். நம்பி வைத்தோம் என்று ஊரில் இன்றைக்குப் பெருமையாகச் சொல்வார்கள். நம்பியெல்லாம் வைக்கவில்லை. போவதற்கு அவளிடம் பங்கு இல்லை, அதனால் வைத்தார்கள்.

களவாணி வந்தால் உலக்கையால் குத்துவாயா ஆத்தா என்று ஒருவன் கேலி பேச, சிரித்துக்கொண்டே மண்வெட்டியைத் தூக்கிப் போனார்களாம்.

உலகம்மா தெருவில் நடந்து பார்த்தாள். எல்லாக் கதவும் சாத்திக் கிடக்கிறது. கோழிகூட நிழலில் கண் சொருகிக் கிடக்கிறது. ஒரு வீட்டுக்குள் போனாள். வெறும் உரலில் உலக்கையைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் அந்த வீட்டுக்கு மூச்சு வந்த மாதிரி இருந்ததாம். அடுத்த வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுக் கிழவனைப் போல இருமினாள். இன்னொரு வீட்டில் மாமியாராகி வைதாள், மருமகளாகி முணுமுணுத்தாள். வேறொரு வீட்டில் வெறும் தொட்டிலை ஆட்டி ஆராரோ பாடினாள். கொல்லைப்படல் வழியாகவே வீட்டுக்கு வீடு போவாள். இருமுவாள், வைவாள், பாடுவாள், திரும்ப வருவாள். ஆளில்லாத ஊருக்குள் இன்னோர் ஊர் கனவு போல எழுந்து நடமாடியதாம். பாதையில் போன வண்டிக்காரர்கள், அங்கே எந்நேரமும் ஆள் இருக்கிறது என்று பேசிக்கொண்டு போனார்களாம்.

ஒரு நாள் அம்பலகாரர் பெண்சாதி காத்தாயி, மறந்துவிட்டுப் போன கஞ்சிக்கலயத்தை எடுக்க வந்தாள். வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே அவள் புருசன் குரல். கோவிச்சுக்காதடி, இந்த ஒரு வாட்டி மன்னிச்சிரு என்று கெஞ்சுகிறது. அவர் வீட்டுக்குள் பேசுகிற பேச்சேதான். ஊருக்குத் தெரியாத பேச்சு.

காத்தாயி போய்ச் சொல்ல, அம்பலகாரர் சும்மா விடுவாரா? அன்றைக்கே கூட்டம் போட்டார். எங்கள் வாயை எடுத்துப் பேச நீ யார் என்று கேட்டார்.

"நெல்லைக் காக்கச் சொன்னீக" என்றாளாம் உலகம்மா. "வீட்டுல ஆளு இருந்தா அதுதான் நெல்லுக்குக் காவல். நீங்க எல்லாரும் கண்மாய்க்குள்ள நிக்கிறீக. அதான் உங்களைக் கூட்டியாந்து வீட்டுல வச்சேன். இதுல என்ன தப்பு, சொல்லுங்க."

பதில் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? தீர்ப்புச் சொல்வார்கள். இனி எந்த வீட்டுக்குள்ளும் அவள் குரல் கேட்கக் கூடாது. கேட்டால் ஊரை விட்டுப் போய்விட வேண்டும். போக அவளுக்கு வேறு ஊர் கிடையாது.

மறுநாள் ஊர் ஊமையாகக் கிடந்தது. உச்சி ஏறியபோது மூன்று பேர் சாக்கும் கையுமாக வந்தார்கள். அம்பலகாரர் வீட்டுக்கே வந்தார்கள். உலகம்மா கொல்லையில் வைக்கோல்படப்புக்குப் பின்னால் நிற்கிறாள். வாயைத் திறந்தால் ஊர் போச்சு. திறக்காவிட்டால் விதை போச்சு. முன்கதவில் ஒருவன் கை வைத்தான்.

உலகம்மா பின்வாசல் வழியாக உள்ளே போனாள். அவள் கூச்சல் போடவில்லையாம். களவாணி என்று கத்தவில்லையாம். பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற தாயின் குரலில், மெல்ல, "ஏண்டா வெயில்ல நிக்கிறே? கையைக் கழுவிட்டு வா. சோறு ஆறுது" என்றாள்.

கதவில் கை வைத்தவன், "இந்தா வந்துட்டேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டானாம். சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கே தெரிந்ததாம். மற்ற இருவரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும், தூக்கத்தில் நடக்கிறவர்களைப் போல, சாக்குகளை அங்கேயே போட்டுவிட்டு வந்த வழியே போனார்களாம்.

சாயங்காலம் ஊர் திரும்பியது. வாசலில் கிடந்த சாக்குகளைப் பார்த்து, பேசினாயா என்றார் அம்பலகாரர். பேசினேன் என்றாள். துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பத்தான் நின்றாள். அவர் உள்ளே போய் விதைநெல்லைப் பார்த்தார். திரும்பி வெளியே வரவே இல்லை. உலகம்மா மூட்டையை அவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலையில், கண்மாய்க்குப் போகிற பெண்கள், தங்கள் வீட்டில் என்ன பேச வேண்டும் என்று சொல்ல, ஒவ்வொருத்தியாக அவளிடம் வந்தார்கள். காத்தாயி, எங்கள் வீட்டில் அந்த மன்னிப்பை மட்டும் கொஞ்சம் சத்தமாகவே சொல் என்று சிரித்தாளாம். கடைசியாக இருளாயி வந்தாள். அவள் வீட்டில் நெல்லும் இல்லை, காக்க ஒன்றுமில்லை. பிள்ளையை முந்தின வருடம் அம்மையில் பறிகொடுத்தவள்.

"எங்க வீட்டுல அவனைப் பேச வையி, உலகம்மா" என்றாள்.

அன்று உச்சிக்கு, மண் சுமந்துகொண்டிருந்த இருளாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு ஊர்ப்பக்கம் பார்த்து நின்றாளாம். அவ்வளவு தூரத்துக்குக் குரல் வராது. வந்தது என்றுதான் சாகும்வரை சொன்னாள்.

கண்மாய்க்கரையில் இன்றைக்கும் ஒரு கல் நிற்கிறது. களவாணிகளை விரட்டிய அம்பலகாரர் கல் என்பார்கள். அதைப் பற்றிப் பேசினால் சண்டைதான் வரும், நிற்கட்டும். உலகம்மாவுக்குக் கல் கிடையாது. ஆனால் நொச்சியேந்தலில் இரும்புக்கதவு போட்ட வீடானாலும், கேமரா மாட்டிய வீடானாலும், பூட்டப் போகிற பெண் முதலில் வெறும் வீட்டைப் பார்த்து, "பாத்து இருந்துக்கங்க, வந்துர்றேன்" என்று சொல்வாள். சொல்லிவிட்டு உடனே பூட்டமாட்டாள். ஒரு மூச்சு நேரம் நிற்பாள்.

உள்ளேயிருந்து பதில் வர அவ்வளவு நேரமாவது கொடுக்க வேண்டாமா?