கதவு திறக்கலன்னா யாரைக் கூப்பிடணும்?

— படிவத்துல அடுத்த கட்டம். சாப்பாடு அனுப்பச் சொல்றீங்களே, அந்தம்மாவுக்கு நீங்க என்ன உறவு?

— உறவெல்லாம் இல்ல மேடம். பக்கத்து வீடு.

— பெத்த பிள்ளைங்க?

— யாரும் இல்ல.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். பிள்ளைங்க இதே ஊர்ல இருந்தா நாங்க வீட்டுக்குச் சாப்பாடு அனுப்ப மாட்டோம்.

— தெரியும். அதான்... யாரும் இல்லன்னு போட்டுக்குங்க.

— உங்க போன் அடிக்குது.

— அடிக்கட்டும். காலையிலேர்ந்து இதே நம்பர்தான். கடன் வேணுமான்னு கேக்கிற ஆளா இருக்கும்.

— என்னை யாரும் அப்படிக் கேக்கிறதில்ல. சரி, அந்தம்மா நடமாடுறாங்களா?

— வாசல் வரைக்கும். சுவரைப் புடிச்சுக்கிட்டு.

— கடைசியா எப்பப் பார்த்தீங்க?

— ம்... ரெண்டு மாசம் இருக்கும்.

— பக்கத்து வீடுன்னீங்க.

— பக்கம்னா... நாலு தெரு தள்ளி.

— நல்ல பக்கம் சார்.

— என் சம்சாரத்துக்கும் அவங்களுக்கும் ஆகாது மேடம். நான் போனா வீட்ல சண்டை. போகலன்னா தூக்கம் வரல.

— பக்கத்து வீட்டுக்காரருக்கா தூக்கம் வரல?

— ...எழுதுங்க மேடம்.

— எழுதுறேன். கதவு திறக்கலன்னா யாரைக் கூப்பிடணும்?

— அது எதுக்கு?

— எங்க வண்டிக்காரர் சாப்பாட்டை வாசல்ல வச்சுட்டு வந்துட மாட்டாரு. கையில கொடுக்கணும். கதவு திறக்கலன்னா யாரையாவது வரவழைச்சு, அவங்க வர்ற வரைக்கும் நிப்பாரு. இன்னைக்குக்கூட ஒரு வீட்ல நின்னுட்டிருக்காரு, பாவம்.

— சரி... என் நம்பரே போட்டுக்குங்க.

— போடலாம். முதல்ல வீடு எங்கன்னு சொல்லுங்க.

— தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. பச்சைக் கதவு.

— பச்சைக் கதவா?

— ஏன் மேடம்?

— அந்த வீட்டுக்கு ஒரு மாசமா சாப்பாடு போகுதே.

— போகுதா... யார் எழுதிக் கொடுத்தது?

— அவங்களேதான். நடந்து வந்தாங்க.

— நடந்தா? அவ்வளவு தூரமா? யாரும் கூட வரலயா?

— வழியில அஞ்சு இடத்துல உட்கார்ந்துட்டு வந்தேன்னாங்க. இதே நாற்காலிலதான் உட்கார்ந்தாங்க.

— இதுலயா?

— பிள்ளைங்க இருக்காங்களான்னு கேட்டேன். இல்லன்னாங்க.

— அப்படியா சொன்னாங்க?

— நீங்களும் அதைத்தானே சொன்னீங்க.

— ஆமா... நானும் அதைத்தான் சொன்னேன்.

— மறுபடியும் அடிக்குது பாருங்க. அதே நம்பரா?

— அதேதான்.

— கடைசியில நாப்பத்தேழுன்னு முடியுதா?

— முடியுது. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எங்க வண்டிக்காரர் நம்பர் சார் அது.

— அவர் எதுக்கு என்னை...

— கதவு திறக்கலன்னா யாரைக் கூப்பிடணும்னு அவங்களையும் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்காரு, நல்ல மனுஷன், கட்டாயம் வருவாருன்னு சொல்லி மனப்பாடமா ஒரு நம்பர் சொன்னாங்க... சார், உட்காருங்க. போனை இப்படிக் கொடுங்க, நான் பேசுறேன். கதவை உடைக்கச் சொல்லட்டுமா?

— வேண்டாம்... உடைக்க வேண்டாம்னு சொல்லுங்க. சாவி என்கிட்ட இருக்கு. அவங்க எங்கம்மா.