அண்ணனின் இடது கை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனாலும் சூடாக இருக்கிறது, நன்றி இன்ஸ்பெக்டர் சார்.

என் அண்ணன் ஜாஸ் பியானோ வாசித்தவன், சொந்தமாக மெட்டுப் போட்டவன். மீசை முளைத்த நாளிலிருந்து அவனுக்கு டிரம்ஸ் வாசித்தவன் நான். ஒரே மெட்டை அவன் இரண்டு முறை ஒரே மாதிரி வாசித்ததே கிடையாது. “ரெண்டு பேரும் வாத்தியத்தோடயே குடும்பம் நடத்துங்க” என்று அண்ணி கேலி செய்வாள். ஆனால் எங்கள் ரெக்கார்டில் இருக்கும் அந்த ஒரு பாட்டில் எல்லாம் கச்சிதமாக அமைந்துவிட்டது. அவன் காலத்துக்குப் பிறகும் நிற்கப்போவது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை அறைக்கு வந்தவன், அதைப் புதிதாகப் பதிவு செய்யப் போவதாகவும், பழையதை விற்பனையிலிருந்து எடுத்துவிடப் போவதாகவும் சொன்னான்.

“இந்தத் தடவை பியானோ மட்டும் போதும்டா. நீ கொஞ்சம் ஓய்வெடு.”

“எல்லாருக்கும் பழசுதானேண்ணே பிடிக்குது?”

“அது அன்னிக்கு வந்தது. ஆறிப்போனதை எத்தனை தடவைடா சூடு பண்றது?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என்னைக் கழற்றிவிட்டதற்காக இல்லை சார், அந்தப் பாட்டுக்காக. பெற்ற பிள்ளையின் கழுத்தை நெரிக்கிறவனைச் சும்மா விடுவீர்களா?

அவன் வாசிக்கத் தொடங்கியதும் பியானோ மூடியை அவன் கைகள்மேல் அடித்துச் சாத்தினேன். இடது கையை உருவிக்கொண்டான். வலது கை மாட்டிக்கொண்டது. மூடிமேல் முழங்காலை வைத்து அழுத்தினேன். விரல்கள் ஒவ்வொன்றாக முறிவது கேட்டது. அத்தோடு விட்டுவிட்டுக் கதவுவரை போய்விட்டேன், சத்தியமாக.

பின்னால் பியானோ சத்தம் கேட்டது. நசுங்கிய கையை மடியில் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே, இடது கையால் அதே மெட்டை வாசித்துக்கொண்டிருந்தான். முழுக்க வேறு மாதிரி. நன்றாக இருந்தது சார். ரெக்கார்டில் இருப்பதைவிட நன்றாக இருந்தது.

“கேட்டியாடா?” என்றான்.

டிரம்ஸில் சிம்பல் தட்டு மாட்டும் இரும்புத் தாங்கியை எடுத்துப் பின்மண்டையில் அடித்தேன். முகம் கட்டைகள்மேல் விழுந்து பியானோ அலறியது. அது அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அடித்தேன்.

இதில் என் சுயநலம் எள்ளளவும் இல்லை. அந்த ரெக்கார்டைப் போட்டுக் கேளுங்கள், உங்களுக்கே புரியும். நடுவில் அண்ணன் கையை எடுத்துவிட்டு என்னைத் தனியாக வாசிக்கவிடும் இடம் ஒன்று வரும். அங்கே மட்டும் கொஞ்சம் சத்தமாக வையுங்கள்.